தொண்டை

பெனிட்டா கிட்டாரின் ஆறு தந்திகளையும் ஒரே வீச்சில் அடித்தாள். அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் உறுமியது. பொன்மலை மன்றக் கூடத்தின் ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் தாலாட்டு கேட்பவர்களைப் போல மெல்லத் தலையசைத்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் முன்வரிசையில் இருந்த பருமனான ஒருவர் எழுந்து வந்தார். "ரொம்ப சுத்தமா வாசிக்கிறீங்க மேடம். கோயில் மணி மாதிரி இருந்துச்சு."

"நன்றிங்க," என்றாள் பெனிட்டா. கிட்டாரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

அந்தக் கூடத்தில் காதில் தெளிசெவி இல்லாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

தெளிசெவி வந்து பதினான்கு வருடங்கள் ஆகியிருந்தன. துவரம்பருப்பு அளவில் இரண்டு கருவிகள், காதுக்கு ஒன்று. உள்ளே வரும் ஒலியை அது பிரித்துப் பார்க்கும். பேச்சு, பாட்டு, பறவை, எச்சரிக்கை மணி எல்லாவற்றையும் அனுமதிக்கும். ஹாரன், ஜெனரேட்டர், கல் அறுக்கும் இயந்திரம், பக்கத்து வீட்டு மிக்ஸி, விளம்பர ஒலிபெருக்கி ஆகியவற்றைக் கழித்துவிடும். கழித்துவிட வேண்டியவற்றுக்கெல்லாம் அதன் மொழியில் ஒரே பெயர், பிசிறு. பள்ளிகளிலும் பேருந்துகளிலும் மருத்துவமனைகளிலும் அதைப் போட்டே ஆகவேண்டும். பெனிட்டா அதை வெறுத்தவள் இல்லை. காந்தி மார்க்கெட் பக்கம் போகும்போது அவளும் போட்டுக்கொள்வாள். திருச்சியில் பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னது பொய்யில்லை.

ஆனால் டிஸ்டார்ஷன் கொடுத்து, கரகரக்க வாசிக்கும் கிட்டாரும் தெளிசெவியின் கணக்கில் பிசிறுதான். அதை யாரும் தடை செய்யவில்லை. காதுக்குள் போகும் வழியில் அது துடைக்கப்பட்டுவிடும், அவ்வளவுதான். கேட்க ஆள் இல்லாததால் ஆம்ப் செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். பதினைந்து வயதுக்குக் கீழே இருந்த யாரும் கரகரக்கும் கிட்டாரைக் கேட்டதே கிடையாது.

அதனால் பெனிட்டா தனக்கு வேண்டிய ஆம்பை, அந்த நிகழ்ச்சிக்கு முன்பே, கணினிக்குள் தானே நிரலாக எழுதிவைத்திருந்தாள். ரயில்வே பணிமனையில் சக்கரங்களின் சத்தத்தைக் கேட்டு எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் நிரல்களை எழுதுவது அவள் வேலை. தேய்மானத்தின் சத்தம் அவளுக்குப் பழக்கமானது.

கணினியில் ஆம்ப் செய்வது ஒரு கோட்டை வளைக்கும் வேலை. தந்தியின் அதிர்வு மேலும் கீழுமாகப் போகும் ஓர் அலை. அதன் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் அது கூரையில் இடிக்கும், தலை தட்டையாகும். தட்டையான அந்த இடத்திலிருந்து, தந்தியில் இல்லாத புதிய அதிர்வுகள் பிறக்கும். டிஸ்டார்ஷன் என்பது அதுதான். தலையை எப்படித் தட்டையாக்குகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கத்தியால் சீவினால் குளவிக் கூட்டத்தின் சத்தம் வரும். சப்பாத்தி மாவைக் கட்டை விரலால் அழுத்துவதுபோல மெதுவாக அழுத்தினால் ஒலி கனியும். அந்தக் காலத்து வால்வு ஆம்புகள் அப்படித்தான் அழுத்தின. பெனிட்டா முதல் இரண்டு மாதத்தில் பதினொரு வளைவுகளை எழுதி ஒன்பதைத் தூக்கிப் போட்டாள். உச்ச ஸ்வரங்களில் கண்ணாடியைக் கீறுவதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. கணினியால் தாங்க முடியாத உயரத்துக்குப் போன அதிர்வுகள் மடங்கிக் கீழே விழுகின்றன என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. கணக்கை எட்டு மடங்கு நுணுக்கமாக்கிய பிறகே அது அடங்கியது. ஸ்பீக்கருக்கு, மாதா கோயில் பரணில் கிடந்த பழைய பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். அதற்குள் 'டக்' என்று ஒரே ஒரு சத்தத்தை அனுப்பி, அது ஒலித்து அடங்கும் விதத்தைப் பதிவுசெய்து, அந்த அடக்கத்தை ஒவ்வொரு ஸ்வரத்தின் மேலும் போர்த்தினாள்.

கேட்கத்தான் ஆள் இல்லை.

நிகழ்ச்சிக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை மார்க்கெட்டிலிருந்து வந்தவள் தெளிசெவியைக் கழற்றாமலே கிட்டாரை எடுத்தாள். அதன் வழியாகத் தன் ஆம்ப் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க நினைத்தாள். மணி மாதிரி கேட்டது. பெருமூச்சு விட்டுக்கொண்டு தந்தியைக் கையால் மூடினாள்.

"டீ ஆறிப்போகுது," என்று சொல்லிக்கொண்டே அவள் கணவன் ஜெரோம் வந்து டம்ளரை மேசையில் வைத்தான்.

பெனிட்டா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னொரு தடவ சொல்லு."

"டீ ஆறிப்போகுதுன்னேன்."

ஜெரோம் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். கால்பந்து சொல்லிக்கொடுப்பவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் தைராய்டு அறுவைச் சிகிச்சையில் குரல்நாணுக்குப் போகும் நரம்பு ஒன்று சேதமாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு நாண் அதிரும், மற்றது சும்மா கிடக்கும். சல்லிக்கல்லை வாரிக் கொட்டுவதுபோல ஒரு குரல். அந்தக் குரல் தெளிசெவியைத் தாண்டி ஒரு கல் குறையாமல் அவள் காதில் விழுந்தது. அதே அளவு கரகரத்த கிட்டார் விழவில்லை.

காரணம் அவளுக்கு உடனே புரிந்தது. தெளிசெவி வந்த புதிதில், பிடிக்காதவர்களின் பேச்சைக் குறைத்துக் கேட்கும் வசதி ஒன்று இருந்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டம், மனிதக் குரலில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொன்னது. குரல் எவ்வளவு கெட்டிருந்தாலும் கருவி அதைத் தொடாது.

"ஜெரோம், உன் தொண்ட எனக்கு வேணும்."

"அதான் கெட்டுப்போச்சே."

"கெட்டுப்போனதுதான் வேணும்."

அவனை மைக் முன்னால் உட்காரவைத்தாள். அவன் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் படித்தான். ஆஃப்சைடு விதியைப் படித்தான். பிறகு எண்ணெய்ப் பாக்கெட்டில் எழுதியிருந்ததை எல்லாம் படித்தான். "கத்து," என்றாள். மைதானத்தில் கத்துவதுபோல "பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு" என்று கத்தினான். அவன் தொண்டை அலையின் தலையை எப்படி அழுத்துகிறது, எத்தனை அதிர்வுக்கு ஒருமுறை தடுமாறுகிறது, சொல்லுக்கு முன்னால் எவ்வளவு காற்று கசிகிறது என்று அவள் நிரல் ஒன்பது நாட்கள் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. அந்த வளைவைத் தன் ஆம்புக்குள் வைத்தாள்.

பத்தாம் நாள் மாலை இருவரும் தெளிசெவி போட்டுக்கொண்டார்கள். பெனிட்டா ஒரே ஒரு தந்தியை மீட்டினாள்.

அது வந்தது. கரகரத்து, மூச்சு வாங்கி, நடுங்கி, முழுசாக வந்தது. பெனிட்டா கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

ஜெரோம் சிரிக்கத் தொடங்கினான். "பெனி, இது நான்தான்."

நிரலுக்கு 'தொண்டை' என்று பெயர் வைத்தாள்.

அடுத்த மாதம் அதே மன்றக் கூடத்தில் அதே பாட்டை வாசித்தாள். இந்த முறை யாரும் தலையசைக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று, யார் அழுவது என்று சுற்றிலும் பார்த்தாள். முடிந்ததும் அந்தப் பருமனான மனிதர் வந்தார்.

"இது என்ன பாட்டு மேடம்?"

"போன மாசம் வாசிச்ச அதே பாட்டுதாங்க."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இல்ல மேடம். போன மாசம் நீங்க சந்தோஷமா இருந்தீங்க."

தொண்டையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பெனிட்டா இணையத்தில் போட்டாள். அதற்குள் இருந்த வளைவின் கணக்கை மட்டும் பூட்டி வைத்தாள். நான்கு மாதத்தில் தொண்ணூறாயிரம் பேர் எடுத்துக்கொண்டார்கள். எங்கெங்கிருந்தோ பதிவுகள் வந்தன. கோஹிமாவில் நான்கு பெண்கள் அதைக் கொண்டு ஒரு தேவாலயத்தையே அதிரவைத்தார்கள். தஞ்சாவூரில் ஒருவர் வயலினை அதற்குள் செலுத்தினார். கரகரத்த ஒலியை முதன்முதலாகக் கேட்டவர்கள், அது எங்கேயோ தங்களுக்குத் தெரிந்த சத்தம் என்று எழுதினார்கள்.

ஐந்தாவது மாதம் பாலக்கரை சிக்னலில் பேருந்துக்குள் நின்றுகொண்டிருந்தபோது பெனிட்டாவின் காதுக்குள் ஒரு மெத்தை விளம்பரம் கத்தியது. கரகரத்த இசை, நடுவில் விலை. தெளிசெவி வந்த இத்தனை வருடங்களில் அதைத் தாண்டி ஒரு விளம்பரமும் வந்ததில்லை. பேருந்தில் எல்லோரும் காதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த இசையில் ஜெரோமின் தொண்டை இருப்பதை அவள் கேட்டாள். மனிதக் குரல் என்று நம்பிக் கருவி அதை உள்ளே விட்டிருந்தது.

அதற்குப் பிறகு பூச்சி மருந்து, தங்க நகை, தேர்தல் என்று எல்லாமே தொண்டையின் வழியாக வந்தன. இப்படிச் செய்யாதீர்கள் என்று பெனிட்டா தன் பக்கத்தில் எழுதினாள். எழுதியதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மக்கள் தெளிசெவி நிறுவனத்தைத் திட்டினார்கள். நிறுவனம் ஒரு வியாழக்கிழமை மாலை அறிவித்தது: 'போலிக் குரல் நீக்கம். இன்றிரவு உங்கள் கருவி தானாகவே புதுப்பிக்கப்படும்.' தொண்டையால் செய்த பல்லாயிரம் பதிவுகளைக் கொடுத்து, இப்படி ஒலிப்பது எதுவும் மனிதக் குரல் இல்லை என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பணிமனை இரைச்சலில் தெளிசெவியோடு இருந்த பெனிட்டாவுக்கு ஜெரோமின் அழைப்பு வந்தது.

"சொல்லு."

பதில் இல்லை. மெல்லிய புல்லாங்குழல் போல ஏதோ ஒன்று கேட்டு நின்றது.

"ஜெரோம்? சிக்னல் இல்லையா?"

மறுபடி அந்தப் புல்லாங்குழல். பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டு ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'கிரவுண்டுக்கு வா. உடனே.'

மைதானத்தில் இரும்புக் கோல்போஸ்ட்டை இடம் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தூக்கிவந்த இருவரில் ஒருவருக்குக் கால் இடறியது. போஸ்ட் சாய்ந்த பக்கத்தில், ஆறாம் வகுப்பு ஹர்ஷிதா முதுகைக் காட்டிக் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். இருபது அடி தள்ளி நின்ற ஜெரோம் கத்தினான். மூன்று தடவை கத்தினான். அந்தப் பெண் நிமிரவே இல்லை. தோள்பட்டை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

பெனிட்டா போய்ச் சேர்ந்தபோது தலைமையாசிரியை சுகந்தியின் அறையில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. மூன்று மாணவிகளும் இரண்டு பணியாளர்களும் வரிசையாக நின்றார்கள்.

"சார் பாத்துக்கிட்டேதான் இருந்தாங்க மிஸ்," என்றாள் ஒருத்தி. அவள் அழுதுகொண்டிருந்தாள். "வாயத் தொறந்தாங்க. ஆனா ஒண்ணும் சொல்லல."

ஜெரோம் மேசையைத் தட்டி ஏதோ சொன்னான். பெனிட்டாவின் காதில் ஒரு சன்னமான ஒலி மட்டும் ஊதிப் போனது. அவன் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. சத்தம் கூடக்கூடக் கரகரப்பும் கூடும். கரகரப்பு கூடக்கூடக் கருவி இன்னும் நன்றாகத் துடைக்கும். அவள் பணிமனையில் போட்டிருந்த தெளிசெவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"...கத்துனேன், சத்தியமா கத்துனேன், பெனி நீயாச்சும் சொல்லு," என்று சொல்லிக்கொண்டிருந்தான் ஜெரோம். குரல் கிழிந்து தொங்கியது.

"மேடம், ஒரே ஒரு நிமிஷம் அதக் கழட்டுங்க," என்றாள் பெனிட்டா.

"ஸ்கூல்ல கழட்டக் கூடாதுன்னு ரூல் இருக்கே."

"ஒரு நிமிஷம்தான் மேடம்."

சுகந்தி தயங்கித் தயங்கிக் கழற்றினார். வெளியே தஞ்சாவூர் ரோட்டு லாரிகளின் சத்தம் அறைக்குள் பாய்ந்ததும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாகக் கைகளை இறக்கினார். ஜெரோம் பேசி முடிக்கும்வரை கேட்டார்.

"ஐயோ சார்," என்றார் கடைசியில். "நீங்க காலையிலேர்ந்து இப்படித்தான் பேசிக்கிட்டு இருக்கீங்களா?"

அந்த வாரமே பெனிட்டாவுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. தொண்டையை எழுதியவள் என்று அவள் முகவரி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தூத்துக்குடி மீன் ஏலக்காரர் ஒருவர், தான் கூவுவது நான்கு நாட்களாக யாருக்கும் கேட்கவில்லை என்று எழுதினார். தொண்டைப் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒரு பெண் இரண்டே வரி எழுதியிருந்தாள். 'என் மகனுக்கு ஆறு வயது. நான் அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.'

பெனிட்டா அந்த இரண்டு வரியையும் நிறுவனத்துக்கு அனுப்பினாள். பத்து நாள் கழித்து ஒரு பொறியாளர் வீட்டுக்கே வந்தார். பெயர் ஸ்ரீவத்சன். சென்னையிலிருந்து வந்த அவர், காரிலிருந்து இறங்கும்போதே தெளிசெவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் ஜெரோமுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"தப்பு எங்களோடதுதான் சார்," என்றார் ஸ்ரீவத்சன் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு. "ஆனா பழைய மாதிரி மாத்துனா விளம்பரமெல்லாம் திரும்ப உள்ள வந்துரும். நாலு கோடிப் பேரு போட்டிருக்காங்க. கேஸுன்னு போனா ரெண்டு வருஷம் ஆகும்."

"வேற வழி?" என்றாள் பெனிட்டா.

"நாங்க இப்போ குத்துமதிப்பாத்தான் பண்றோம் மேடம். எது தொண்டை, எது நெஜத் தொண்டைன்னு தெரியாம மொத்தமாத் தொடச்சுர்றோம். உங்க வளைவு எங்ககிட்ட இருந்தா தொடைக்கவே வேணாம். திருப்பிரலாம்."

அவர் அடுத்து என்ன சொல்வார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கத்தியால் சீவிய அலையை யாராலும் மீட்க முடியாது. சீவிய தலை போனது போனதுதான். ஆனால் மெதுவாக அழுத்திய அலை வேறு. எவ்வளவு அழுத்தினோம் என்று தெரிந்தால் அதே அளவு நிமிர்த்திவிடலாம், ஒன்றுமே இழக்காமல். அழகாக இருக்கிறது என்றுதான் அவள் மெதுவாக அழுத்தினாள்.

"கிட்டார் சாதாக் கிட்டாரா கேக்கும். விளம்பரத்த அடையாளம் கண்டு நிறுத்திரலாம். சார் பேசறது எல்லாருக்கும் கேக்கும்," என்றார் ஸ்ரீவத்சன்.

"அவர் குரலாவா கேக்கும்?"

"சுத்தமா கேக்கும்."

"குரல்ல கை வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே."

"நாங்க எதையும் எடுக்கலையே மேடம். முன்ன எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்குறோம். அதுக்குச் சட்டத்துல தடையில்ல."

ஸ்ரீவத்சன் கிளம்பிப் போனார். தொண்ணூறாயிரம் பேர் வாசித்துக்கொண்டிருந்த ஒலியை ஒரு கையெழுத்தில் மூடுவது அவளுக்குக் கசந்தது. ஜெரோம் எழுந்துபோய் டம்ளர்களைக் கழுவினான்.

"குடுத்துரு பெனி," என்றான். "எனக்குப் புள்ளைங்ககிட்டப் பேசணும்."

கொடுத்தாள்.

ஐந்து நாளில் புதிய திருத்தம் வந்தது. திங்கட்கிழமை காலை ஜெரோம் மைதானத்தில் விசில் ஊதிவிட்டு, "எல்லாரும் லைன்ல வாங்க," என்றான். நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள் ஒருத்தி.

அவனும் தெளிசெவி போட்டிருந்தான். தன் வாயிலிருந்து வெளியே போன குரல், காது வழியாகத் திரும்பி வந்தபோது ஒன்பது வருடத்துக்கு முந்தையதாக இருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தும் அவன் கருவியைக் கழற்றவில்லை.

பெனிட்டாவும் கழற்றவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் போனில் கேட்ட அதே குரல் சமையலறையிலிருந்து, "உப்பு எங்க வச்ச?" என்று கேட்டது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு வாரம் முழுக்க, தேவையில்லாமலே அவனைப் பேசவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வாரம் ஜெரோம் ஹர்ஷிதாவின் பெற்றோரைப் பார்க்கப் போய்விட்டு வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அந்தப் புள்ள இனிமே விளையாட வராதாம். அவங்க அப்பா சொல்லிட்டாரு," என்றான், மறுநாள் பள்ளி விடுமுறை என்று சொல்பவனைப் போல.

"பரவால்ல விடு. கை சரியானா போதும்," என்றாள் பெனிட்டா. முகம் கழுவக் கருவியைக் கழற்றிக் குழாயடிக்குப் போனாள்.

"கோல்கீப்பரா வந்திருப்பா," என்றான் ஜெரோம் பின்னாலிருந்து.

அவள் கையிலிருந்த தண்ணீர் வழிந்து போனது. கேட்டது பழைய சல்லிக்கல் குரல். அது நடுவில் முறிந்திருந்தது. அவன் உள்ளே வந்ததிலிருந்தே இப்படித்தான் பேசியிருக்கிறான். விம்மலை அடக்கிக்கொண்டு அவன் சொன்னதற்குத்தான் 'பரவால்ல விடு' என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகு வீட்டில் அவள் தெளிசெவியைத் தொடவில்லை. "போட்டுக்கோயேன்," என்றான் ஜெரோம். "ஊரே நல்ல கொரலக் கேக்குது. நீ மட்டும் ஏன் கெட்டதக் கேக்கணும்?" அவள் அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். அவன் கழற்றவில்லை.

கடிதங்கள் மறுபடி வரத் தொடங்கின. பிசிறு எல்லாத் தொண்டைக்கும் உண்டு. கோபத்திலும் வலியிலும் அழுகையிலும் நல்ல தொண்டையும் ஜெரோமின் தொண்டையைப் போலவே அலையின் தலையை அழுத்துகிறது. கருவிக்கு இரண்டும் ஒரே வளைவுதான். அதனால் எல்லாவற்றையும் நிமிர்த்திக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் ஒப்பாரி, செய்தி வாசிப்பதுபோலக் கேட்டது என்று மணப்பாறையிலிருந்து ஒருவர் எழுதினார். ஆனால் நிறுவனத்துக்குப் பாராட்டுகள் குவிந்தன. அலுவலகங்களில் சண்டை குறைந்துவிட்டதாம். கணவன் மனைவிக்குள் வாக்குவாதமே இல்லையாம். யார் பேசினாலும் நிதானமாகப் பேசுகிறார்களாம்.

சனிக்கிழமை மதியம் கரூரிலிருந்து ஓர் இளம் தகப்பனின் கடிதம் வந்தது. கைக்குழந்தைக்குக் குடல் சுருண்டு, மருத்துவமனையில் சேர்த்து, எப்படியோ பிழைத்துவிட்டது. 'மூன்று மணி நேரம் தொட்டிலில் பாடிக்கொண்டே இருக்கிறது என்று நினைத்துச் சிரித்தோம்' என்று எழுதியிருந்தான். அவளைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் தொண்டையால் இதைச் சரிசெய்ய முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தான்.

பெனிட்டா சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஜெரோம் முதுகைக் காட்டியபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். காதில் தெளிசெவி இருந்தது.

"ஜெரோம், அந்த வளைவ நான் திருப்பி வாங்கப்போறேன்."

"ம். வாங்கலாம். இப்போ என்ன அவசரம்?"

"அவசரம்தான்." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக உடைந்து வந்தன. "உன் கொரல் போயிரும். எனக்குத் தெரியும். அதனாலதான் ஒன்கிட்டச் சொல்றேன்."

"சரி, லீவுல உக்காந்து பேசுவோம்." கத்தி பலகையில் தாளம் தப்பாமல் ஓடியது. "நீயே இவ்வளவு நிதானமாச் சொல்ற. அப்புறம் என்ன?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தன் குரல் சுவரில் மோதித் திரும்புவது அவளுக்கே பயமாக இருந்தது. பக்கத்து வீடுகளில் தெளிசெவி இல்லாத ஒருவர் இருந்திருந்தாலும் ஓடி வந்திருப்பார். யாரும் வரவில்லை.

கூப்பிட்ட குரலுக்கு ஜெரோம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான். அவள் முகம் முழுக்க நனைந்திருப்பதைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"வெங்காயம் எரியுதா?" என்றான், பரிவோடு, கரகரத்த அவன் சொந்தக் குரலில். "நீ போய் ஹால்ல உக்காரு. நான் முடிச்சுட்டு வர்றேன்."